கிரில்லை மாற்றினால் புது காரா?

ரெனோ ஸ்காலா என்று ஒரு கார் இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? இல்லைதானே. அதுதான் என் புலம்பலே.

2011-ல் நிஸான் சன்னி வந்தது. பின்சீட்டில் காலை நீட்டி உட்காரலாம் என்று பெயர் வாங்கிய வண்டி. மறு வருஷமே அதே வண்டிக்கு முன்பக்க கிரில்லையும் பம்பரையும் மாற்றி, நிஸானின் கூட்டாளியான ரெனோவின் வைர முத்திரையை ஒட்டி ஸ்காலா என்று இறக்கினார்கள். அதே ஒரகடம் ஆலை, அதே 1.5 லிட்டர் டீசல் இன்ஜின். சரி, கம்பெனிக்குச் செலவு மிச்சம், எனக்கு என்ன மிச்சம்? பத்து லட்சத்தை எண்ணி வைக்கிறவன் பக்கத்து ஷோரூமை எட்டிப் பார்க்காமலா வருவான்?

அதோடு விட்டார்களா? 2013-ல் ரெனோ டஸ்டருக்குச் சட்டை மாற்றி நிஸான் டெரானோ, அதுவும் டஸ்டரைவிடக் கூடுதல் விலைக்கு!

மாருதியின் பலேனோவில் டொயோட்டா பெயரை ஒட்டிய கிளான்ஸா மட்டும் எப்படி ஓடுகிறது என்று கேட்பீர்கள். அங்கே 2019-ல் வரும்போதே 3 வருஷம் அல்லது 1 லட்சம் கிலோமீட்டர் வாரன்டி கொடுத்தார்கள், பலேனோவுக்கு அப்போது 2 வருஷம், 40,000 கிலோமீட்டர்தான். அப்புறம் டொயோட்டா சர்வீஸ் மேல் ஜனங்களுக்கு இருக்கும் நம்பிக்கை வேறு. பெயரோடு ஏதோ ஒன்று கூட வந்தது.

ஸ்காலாவை விற்கப் போனால், "இது என்ன வண்டி சார்?" என்பார் புரோக்கர். "சன்னிதாங்க" என்று நாமே சொல்லவேண்டும்.