சாவியைக் கொடுத்தார்கள், பிரேக்கைச் சொல்லித் தரவில்லை

ஒரு லட்ச ரூபாய்க்கு மேல் வாங்கிக்கொண்டு வண்டியை விற்கிறவர்கள், அதை எப்படி நிறுத்துவது என்று பத்து நிமிடம் சொல்லித் தராமல் அனுப்பிவிடுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. புது மோட்டார் சைக்கிளை எடுத்த நாளில் மாலை போட்டார்கள், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள், மாதத் தவணை எந்தத் தேதியில் கணக்கிலிருந்து கழியும் என்பதைத் திரும்பத் திரும்ப விளக்கினார்கள், அழைப்பு வந்தால் மீட்டரில் பெயர் தெரியும் என்று கைப்பேசியை இணைத்தே காட்டினார்கள். பிரேக்கைப் பற்றிக் கேட்டபோது மட்டும் விற்பனைப் பிரிவுத் தம்பி, “ஏபிஎஸ் வண்டிண்ணே, கண்ணை மூடிக்கிட்டுப் பிடிங்க, அதுவா நின்னுரும்” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். ஏபிஎஸ் என்பது ஓங்கிப் பிரேக் பிடித்தாலும் சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏற்பாடு. அந்த ஒரு வரி பொய் என்பதுதான் என் ஆத்திரத்துக்குக் காரணம்.

2019 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் விற்கப்படும் புதிய இருசக்கர வாகனங்களில் 125 சிசிக்கு மேற்பட்டவற்றுக்கு ஏபிஎஸ் கட்டாயமாகியிருக்கிறது. 125 சிசி வரை உள்ளவற்றில் ஏபிஎஸ் அல்லது இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கும் சிபிஎஸ் இருக்க வேண்டும் என்றது அந்த விதி. உயிரைக் காக்க வந்த நல்ல விதி என்பதில் எனக்கு ஐயமே இல்லை. வண்டியின் பிரேக்கை மாற்றியவர்கள், அதைப் பிடிக்கிற கையும் காலும் பழைய பழக்கத்திலேயே இருக்கும் என்பதை ஏன் நினைக்கவில்லை என்றுதான் கேட்கிறேன்.

இராமநாதபுரம் கடற்கரையில் வண்டி பழகியவர்களுக்கு அண்ணனோ மாமாவோ சொல்லித் தந்த முதல் பாடம், “முன்பிரேக்கைத் தொடாதே, தூக்கி எறிஞ்சிரும்” என்பதுதான். தெருவெல்லாம் மணலாகவும் வண்டியெல்லாம் டிரம் பிரேக்காகவும் இருந்த காலத்தில் அந்தப் பாடத்துக்கு ஒரு நியாயம் இருந்தது. ஆனால் பிரேக் பிடித்த உடனே வண்டியின் பாரம் முன்சக்கரத்தை நோக்கிச் சாய்கிறது, பின்சக்கரம் லேசாகிறது. ஆகவே தார்ச்சாலையில் வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பகுதியைச் செய்வது முன்பிரேக்தான். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டரைக் கடந்துவிடும். கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் இடையே கிழக்குக் கடற்கரைச் சாலையின் சீமைக்கருவேலப் புதரிலிருந்து ஆட்டுக்குட்டி ஒன்று குறுக்கே பாயும்போது, இருபது ஆண்டுகளாகப் பழகிய வலது கால் பின்பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டிருந்தால் அந்த முன்சக்கர ஏபிஎஸ்ஸால் யாருக்கு என்ன பயன்?

இதைவிடக் கொடுமை, ஏபிஎஸ் என்ற மூன்றெழுத்துக்குள் மறைத்து விற்கப்படும் வேறுபாடு. பல வண்டிகளில் இருப்பது ஒற்றைச் சானல் ஏபிஎஸ். அதாவது முன்சக்கரத்துக்கு மட்டுமே அந்தக் காவல் உண்டு; பின்பிரேக்கை ஓங்கி மிதித்தால் பின்சக்கரம் பழைய வண்டியைப் போலவே பூட்டிக்கொண்டு இழுத்துச் செல்லும். இரண்டு சக்கரத்துக்கும் காவல் தருவது இரட்டைச் சானல். என் வண்டி எந்த வகை என்பதை விலைப்பட்டியலைத் துருவிப் பார்த்து நானே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. வண்டியோடு தந்த கையேடு ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் இருக்கிறது. மண்டபத்துக்கும் தங்கச்சிமடத்துக்கும் மீன் வியாபாரத்துக்கு ஓடுகிற ஒருவர் அதை எப்படி வாசித்துப் புரிந்துகொள்வார்?

ஏபிஎஸ் வேலை செய்யும்போது பிரேக் லீவர் விரலுக்கடியில் படபடவென்று துடிக்கும். சக்கரம் பூட்டிக்கொள்ளப் போகும் கணத்தில் பிரேக்கின் அழுத்தத்தை விட்டு விட்டுக் குறைத்துக் கூட்டுவதால் வரும் துடிப்பு அது. கருவி சரியாக இருக்கிறது என்பதற்கே அடையாளம். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது, லீவரை விடாமல் இறுகப் பிடித்திருப்பது ஒன்றுதான். முன்பின் சொல்லாமல் அந்தத் துடிப்பை முதன்முதலாக நடுச்சாலையில் உணர்கிற மனிதர், ஏதோ உடைந்துவிட்டது என்று பதறிக் கையை எடுத்துவிட்டால், குற்றம் அவருடையதா? சாவியைத் திருப்பியதும் மீட்டரில் எரியும் ஏபிஎஸ் விளக்கு வண்டி சிறிது தூரம் உருண்ட பிறகுதான் அணையும் என்பதையும், ஓடும்போது அணையாமல் எரிந்தால்தான் கோளாறு என்பதையும்கூட யாரும் சொல்வதில்லை.

இனி எங்கள் சாலைக்கு வருகிறேன். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து தனுஷ்கோடி வழியாக அரிச்சல்முனை வரை 2017-இல் திறக்கப்பட்ட சாலையில், தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஆண்கடல் எனப்படும் மன்னார் வளைகுடாப் பக்கத்து மணல் பறந்து வந்து தார் மேல் படிந்துவிடும். தூரத்திலிருந்து பார்த்தால் சாலை சுத்தமாகவே தெரியும். அருகில் போனால்தான் விரற்கடை மணல் கிடப்பது புலப்படும். ஏபிஎஸ் சக்கரத்தைப் பூட்டாமல் காக்கும், ஆனால் டயருக்கு இல்லாத பிடிப்பை அதனால் உண்டாக்க முடியாது. மணலில் அது அழுத்தத்தை விட்டு விட்டுப் பிடிக்கப் பிடிக்க, வண்டி நிற்கும் தூரம் நீண்டுகொண்டே போகிறது. அதே மணல் வளைவில் கிடந்து வண்டியும் சாய்ந்திருந்தால், நம் சாதாரண வண்டிகளில் உள்ள ஏபிஎஸ்ஸை நம்பி ஓங்கிப் பிடிப்பது பேராபத்து. கண்ணை மூடிக்கொண்டு பிடிக்கலாம் என்று சொன்ன வாய் இந்தச் சாலையை ஒருமுறையாவது நினைத்துப் பார்த்ததா?

பாம்பன் பகுதியில் மீன் லாரிகளிலிருந்து ஐஸ் தண்ணீர் வடிந்து சாலையில் கோடாக ஓடும். அதில் மீனின் கொழுப்பும் கலந்திருப்பதால் வெறும் மழைநீரைவிட அதிகமாக வழுக்கும். 1988-இல் திறக்கப்பட்ட பாம்பன் சாலைப் பாலத்தில் பக்கவாட்டுக் காற்று வண்டியைத் தள்ளும். அது போதாதென்று, 2025 ஏப்ரலில் புதிய ரயில் தூக்குப் பாலம் திறக்கப்பட்ட பிறகு அதைப் படமெடுக்க நடுப்பாலத்திலேயே திடீரென்று காரை நிறுத்துகிறார்கள். பின்னால் வருகிற இருசக்கர வாகனக்காரர் எந்தப் பிரேக்கை எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பதை யோசித்துச் செய்ய அவகாசமே கிடைப்பதில்லை. அவருடைய கை அதை முன்பே அறிந்திருக்க வேண்டும்.

என் வீட்டில் மனைவி ஓட்டும் ஸ்கூட்டரில் இருப்பது சிபிஎஸ். அதில் இடது லீவரைப் பிடித்தால் பின்பிரேக்கோடு முன்பிரேக்கும் ஓரளவு சேர்ந்தே பிடிக்கும். மணலில் முன்பிரேக்கைத் தவிர்க்க வேண்டும் என்று நினைத்துப் பின்பிரேக்கை மட்டும் பிடிப்பதாக நம்பி அவர் இடது லீவரை அழுத்தினால், அவருக்குத் தெரியாமலே முன்சக்கரமும் பிடிபடுகிறது. அந்த ஸ்கூட்டரில் ஏபிஎஸ்ஸும் கிடையாது. ஒரே வீட்டு வாசலில் நிற்கும் இரண்டு வண்டிகள் இரண்டு விதமாக நிற்கின்றன, அவசரத்துக்கு ஒருவர் வண்டியை ஒருவர் எடுத்துக்கொண்டு ஓடுகிறோம். இந்த ஆபத்தைப் பற்றி எங்கள் இருவரிடமும் ஒருவரும் வாய் திறந்ததில்லை.

உப்புக் காற்றைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இரவு வெளியில் நிறுத்திய வண்டியின் டிஸ்க்கில் காலையில் செம்பழுப்பாய்த் துரு படிந்திருக்கும். முதல் சில பிடிகளில் கிறீச்சிட்டு அது தேய்ந்து போகும். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பருக்குள் உப்பேறி இறுகினால் அப்படிப் போகாது, கழற்றிச் சுத்தம் செய்தே ஆக வேண்டும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் ஏறிய நிலையில் அந்த அளவு 155 டிகிரியாக இறங்கிவிடுகிறது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்றச் சொல்கிறார்கள். இன்ஜின் ஆயிலை மாற்றச் சொல்லி விடாமல் அழைக்கும் சர்வீஸ் நிலையங்கள் பிரேக் ஆயிலைப் பற்றிக் கேட்டால் “அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு” என்று மூடியைத் திறந்து பாராமலே சொல்வது என்ன பொறுப்பு?

ஓட்டுநர் உரிமத்துக்கு எட்டுப் போடச் சொல்கிறார்கள். கால் ஊன்றாமல் மெதுவாக வளைத்துக் காட்டினால் தேறிவிடலாம். முன்பிரேக்கை ஒருமுறைகூட உருப்படியாகப் பிடிக்காமல் உரிமம் வாங்கி இந்தக் கடற்கரைச் சாலையில் இறங்கியவர்கள் எத்தனை பேர் என்பதை ஊரில் யாரைக் கேட்டாலும் தெரிந்துகொள்ளலாம். அந்த எட்டுக்குப் பக்கத்தில் நேராக ஒரு கோட்டைப் போட்டு, முப்பது கிலோமீட்டர் வேகத்தில் வந்து இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்துக் கோட்டுக்குள் நிறுத்திக் காட்டு என்று கேட்பதற்குப் புதுச் செலவும் இல்லை, புதுக் கட்டடமும் தேவையில்லை. வண்டி விற்பவர்களும் அதே கோட்டில் வாங்கியவரை நிறுத்தி, லீவர் துடிப்பதை அவர் கையாலேயே உணர வைத்த பிறகுதான் வண்டியை வெளியே விட வேண்டும் என்று அரசு உத்தரவு போடட்டும்.