ஊர் பேரைச் சொல்லுங்க, அப்புறம் பயப்படலாம்

டிசம்பர் விடுமுறை நெருங்கினால் போதும், ஹூஸ்டன் பக்கம் இருக்கும் நம்மவர்களின் வாட்ஸாப் குழுக்களில் ஒரே கேள்வி: "மெக்சிகோ சேஃபா?" கேட்டு வாய் மூடுவதற்குள் ஒருவர் துப்பாக்கிச் சூட்டுச் செய்தி ஒன்றை ஃபார்வர்ட் செய்வார். இன்னொருவர், "நாங்க கான்கூன் போயிட்டு வந்தோம், சூப்பரா இருந்துச்சு, ஒண்ணும் ஆகல" என்று நீலக்கடல் படத்தோடு பதில் போடுவார். இருவர் சொல்வதும் உண்மை. ஆனால் அந்த இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு டிக்கெட் போடலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க முடியாது.

நமக்கு இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் இருக்கிறது. செல்லுபடியாகும் அமெரிக்க விசாவோ கிரீன் கார்டோ இருந்தால் இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்கு மெக்சிகோ தனி விசா கேட்பதில்லை. ஹூஸ்டனிலிருந்து இரண்டரை மணி நேரத்துக்குள் கான்கூன். ஐரோப்பா போக ஷெங்கன் விசாவுக்கு நாள் வாங்கித் தவம் கிடப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய சலுகை!

என் கட்சி இதுதான்: "மெக்சிகோ பாதுகாப்பா?" என்பதற்குப் பதிலே கிடையாது. எந்த ஊர், எந்த வழியாகப் போகிறீர்கள், போய் என்ன செய்வதாக இருக்கிறீர்கள், இந்த மூன்றும் தெரிந்தால்தான் பேச்சையே தொடங்க முடியும். வடமேற்கில் சினலோவா மாநிலத்தில் இருக்கும் குலியாக்கானில் நடந்த சண்டைச் செய்தியைப் பார்த்துவிட்டு கான்கூன் டிக்கெட்டை ரத்து செய்தவர்களை எனக்குத் தெரியும். இரண்டு ஊருக்கும் நடுவே 2,000 கிலோமீட்டருக்கு மேல் தூரம்.

பசிபிக் கரையை ஒட்டி 200-ஆம் எண் நெடுஞ்சாலை ஓடுகிறது. நயாரிட் மாநிலத்தின் தெபிக்கில் தொடங்கி, குவாத்தமாலா எல்லைக்குப் பக்கத்தில் உள்ள தபச்சுலா வரை போகும். புவெர்ட்டோ வயார்ட்டா, மன்சனில்லோ, சிஹுவாட்டனெஹோ, அகபுல்கோ, புவெர்ட்டோ எஸ்கொண்டிடோ, வாத்துல்கோ என்று நாம் கேள்விப்பட்ட பசிபிக் கடற்கரை ஊர்களில் பாதி இந்த ஒரு சாலையில்தான் இருக்கின்றன. அமெரிக்க வெளியுறவுத் துறை மெக்சிகோவை மாநிலம் மாநிலமாகப் பிரித்து நான்கு நிலைகளில் எச்சரிக்கை தருகிறது. 1 என்றால் வழக்கமான கவனம் போதும், 4 என்றால் போகவே போகாதீர்கள். நான் கடைசியாகப் பார்த்தபோது இந்தச் சாலையில் வடக்கிலிருந்து இறங்கினால் நயாரிட் 2, ஹலிஸ்கோ 3, கொலிமா, மிச்சோவகான், கெரேரோ மூன்றும் 4, அப்புறம் வஹாகா மறுபடி 2. கடல் ஒன்று, சாலை ஒன்று, நிலை மட்டும் மாறிக்கொண்டே வருகிறது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. புவெர்ட்டோ வயார்ட்டா இருக்கும் பண்டேராஸ் விரிகுடாவை அமேகா ஆறு இரண்டு மாநிலங்களாகப் பிரிக்கிறது. ஆற்றுக்குத் தெற்கே ஹலிஸ்கோ, வடக்கே நயாரிட். வடகரையில் நுவேவோ வயார்ட்டா ரிசார்ட்டுகளில் அறை போட்டவர் 2-ஆம் நிலையில் தூங்குகிறார். ஆனால் விமான நிலையம் தென்கரையில் இருக்கிறது. ஆகவே 3-ஆம் நிலையில் இறங்கி, பாலம் தாண்டித்தான் அவர் 2-க்குப் போக வேண்டும். பாலத்தின் நடுவில் ஆபத்து ஒரு படி குறைந்துவிடுமா என்ன?

இதைச் சொன்னதும் "அப்போ அந்த எச்சரிக்கை எல்லாம் சும்மாதானா" என்று கிளம்பிவிடாதீர்கள். எண்ணைப் பார்த்துவிட்டு மூடுவதுதான் பிரச்சினை. கீழே பொடி எழுத்தில், அமெரிக்க அரசு ஊழியர்கள் எங்கே போகலாம், எங்கே போகக் கூடாது, எந்த வழியாகப் போக வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். சரக்கு அங்கேதான் இருக்கிறது. சினலோவா மாநிலம் 4-ஆம் நிலை. ஆனால் அதே மாநிலத்தின் கடற்கரை நகரமான மசாட்லானுக்கு விலக்கு உண்டு: விமானத்திலோ கப்பலிலோ போகலாம், சோனா டொராடா என்ற ஹோட்டல் பகுதியிலும் பழைய நகரிலும் மட்டும் இருக்கலாம், அங்கிருந்து நேராகத் திரும்ப வேண்டும். ஊரைக் கண்டு அவர்கள் அவ்வளவு பயப்படவில்லை, சாலையைக் கண்டு பயப்படுகிறார்கள் என்று இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. 2023 ஜனவரி 5 அன்று குலியாக்கானில், சினலோவா போதைப்பொருள் கும்பலின் பழைய தலைவன் எல் சாப்போவின் மகன் ஒவிடியோ குஸ்மானைக் கைது செய்தபோது கும்பல்காரர்கள் வண்டிகளைக் கொளுத்தி சாலைகளை அடைத்தார்கள். மசாட்லான் விமான நிலையமும் மூடப்பட்டது. 2024 ஜூலையில் அந்தக் கும்பலின் இன்னொரு தலைவன் எல் மாயோ சம்பாடா அமெரிக்காவில் பிடிபட்ட பிறகு, அதே ஆண்டு செப்டம்பரில் சினலோவா கும்பல் இரண்டாக உடைந்து ஒருவரையொருவர் வேட்டையாட ஆரம்பித்தது. மசாட்லான் எனக்குப் பிடித்த ஊர். இருபது கிலோமீட்டர் நீளக் கடற்கரை நடைபாதை, பழைய நாடகக் கொட்டகை, இறால். இருந்தாலும் இப்போதைக்கு நான் போக மாட்டேன், யாரையும் போகச் சொல்லவும் மாட்டேன்.

எண்களைத் தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கொலிமா சின்ன மாநிலம், அங்கே ஆண்டுக்கு லட்சம் பேரில் நூறு பேருக்கு மேல் கொல்லப்பட்ட ஆண்டுகள் உண்டு. யூகட்டான் மாநிலத்தில் அதே கணக்கு ஒற்றை இலக்கத்தில் நிற்கிறது, அமெரிக்கப் பெருநகரங்கள் பலவற்றைவிடக் குறைவு. இவ்வளவு பெரிய வித்தியாசம் என்றால் சராசரிக்கு அர்த்தம் இல்லை. மற்றக் குற்றங்களின் எண்ணிக்கையை நம்பவே வேண்டாம். மெக்சிகோவின் புள்ளியியல் நிறுவனமே ஆண்டுதோறும் வீடு வீடாகக் கேட்டு, பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்ட குற்றங்கள் புகாராகவோ விசாரணையாகவோ பதிவாவதில்லை என்று சொல்கிறது. கொலை எண்ணிக்கை குறைவாக இருக்கும் ஊரிலும் கும்பல் இல்லை என்று அர்த்தமில்லை. ஒரே கும்பலின் பிடியில் ஊர் முழுக்க இருந்தால் சண்டை போட ஆள் இருக்காது, ஊர் அமைதியாகத் தெரியும்.

புவெர்ட்டோ வயார்ட்டா அப்படிப்பட்ட ஊர் என்றுதான் பலரும் சொல்கிறார்கள். 2016-ல் அந்த ஊரின் பெரிய உணவகம் ஒன்றிலிருந்து எல் சாப்போவின் இன்னொரு மகனை எதிர்க் கும்பல் தூக்கிக்கொண்டு போனது. ஆனால் சுற்றுலாப் பயணியின் பணப்பையைத் தொடும் குற்றம் வேறு: டைம்ஷேர், அதாவது விடுதி அறையை ஆண்டுக்குச் சில நாள் பயன்படுத்தும் உரிமையை விற்கும் வியாபாரம். ஹலிஸ்கோ கும்பலோடு தொடர்புடைய டைம்ஷேர் மோசடிக்காரர்கள் மீது 2023-ல் அமெரிக்க நிதித்துறை தடை விதித்தது. "உங்கள் டைம்ஷேரை வாங்க ஆள் இருக்கிறது, முன்கூட்டி வரி மட்டும் கட்டுங்கள்" என்று வயதான அமெரிக்கர்களுக்குப் போன் போட்டுப் பணத்தைக் கறந்திருக்கிறார்கள். விமான நிலையத்தில் வழிமறித்து, இலவசக் காலை உணவு, பாதி விலையில் டால்ஃபின் காட்சி என்று கூப்பிடுகிறவர்கள் எல்லாம் மோசடிக்காரர்கள் இல்லைதான். ஆனாலும் பெயர், போன் நம்பர், அட்டை எண் எதையும் கொடுக்காமல் நடையைக் கட்டுங்கள். இலவச இட்லி என்றால் நம் ஆட்கள் நிற்பார்கள் என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

எனக்கு உண்மையிலேயே எரிச்சலூட்டும் பேச்சு ஒன்று உண்டு: "கஞ்சா, கொக்கெய்ன் பக்கம் போகாம நாம உண்டு நம்ம வேலை உண்டுன்னு இருந்தா ஒண்ணும் ஆகாது." 2021 அக்டோபரில் கான்கூனுக்குத் தெற்கே இருக்கும் துலும் ஊரில் ஒரு உணவகத்தில் இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தவர்கள் நடுவே இரண்டு கும்பல்கள் சுட்டுக்கொண்டன. செத்தவர்களில் ஒருவர் கலிஃபோர்னியாவில் மென்பொருள் வேலையில் இருந்த இந்தியப் பெண், இன்னொருவர் ஜெர்மன் பெண். இருவருக்கும் அந்தச் சண்டையில் எந்தப் பங்கும் இல்லை. அந்த ஆண்டு இறுதியில் அரசு ஏறத்தாழ 1,500 தேசியக் காவல் படையினரை அந்தக் கரைக்கு அனுப்பியது. கடற்கரையில் துண்டு விரித்துப் படுத்திருப்பவர்களுக்கு நடுவே துப்பாக்கியோடு சிப்பாய்கள் நடக்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள்.

இப்படி நடப்பது அபூர்வம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் "நடக்கவே நடக்காது" என்பது வேறு பேச்சு. அதோடு, அந்த வாக்கியத்தில் இன்னொரு அர்த்தமும் ஒளிந்திருக்கிறது: செத்தவன் எதிலோ மாட்டியிருப்பான் என்று. அகபுல்கோவில் மாமூல் கொடுக்காததற்காகக் கொல்லப்பட்ட டாக்ஸி ஓட்டுநர்கள் எதில் மாட்டினார்கள்? நாடு முழுக்கக் காணாமல் போனவர்களின் அரசுப் பதிவு 2022-லேயே ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. கும்பல்களின் சுமையைச் சுமப்பது அந்த ஊர்க்காரர்கள். நாம் நான்கு நாள் போய் வருகிறோம்.

சரி, நமக்கு எது ஆபத்து? என் கணக்கில் முதலிடம் கடலுக்கு. வெளிநாட்டில் இயற்கையல்லாத காரணத்தால் இறந்த அமெரிக்கக் குடிமக்களின் பட்டியலை அந்நாட்டு வெளியுறவுத் துறை தேதி, ஊர், காரணத்தோடு வெளியிடுகிறது. கடற்கரை ஊர்களின் பெயருக்கு எதிரே "நீரில் மூழ்கி", "வாகன விபத்து" என்று வந்துகொண்டே இருக்கும். இதையெல்லாம் யாரும் ஃபார்வர்ட் செய்வதில்லை.

கான்கூன், துலும் இருக்கும் கரீபியன் கடலை மனதில் வைத்துக்கொண்டு பசிபிக் கரைக்குப் போகாதீர்கள். புவெர்ட்டோ எஸ்கொண்டிடோவின் சிக்காடெலா கடற்கரை உலகின் பெரிய அலைச்சறுக்கு வீரர்கள் தேடி வரும் இடம். அங்கே அலை கரைக்கு மிக அருகிலேயே எழும்பி அப்படியே தலைகுப்புற விழும். திரும்பும் தண்ணீர் காலடி மணலையும் சேர்த்து இழுக்கும். முழங்கால் தண்ணீரில் நின்று செல்ஃபி எடுக்கிறேன் என்பவர்களுக்கும் அதே கதிதான், அதுவும் மே முதல் செப்டம்பர் வரை அலை உச்சத்தில் இருக்கும்போது. நம்மில் பலருக்கு நீச்சல் தெரியாது, மெரினாவில் கால் நனைத்த பழக்கத்தில் கடலுக்குள் இறங்குகிறவர்கள் நாம். அதே ஊரில் கரிசலில்லோ என்ற சின்னக் குடா இருக்கிறது. நிறையப் படி இறங்க வேண்டும், ஆனால் பாறைகள் இரண்டு பக்கமும் அணைத்திருப்பதால் தண்ணீர் சாதுவாக இருக்கும். பாஹா கலிஃபோர்னியா தீபகற்பத்தின் தென்முனையில் இருக்கும் லாஸ் கபோஸிலும் இதே கதை, பசிபிக் பார்த்த கடற்கரைகள் பெரும்பாலும் பார்ப்பதற்கு மட்டும். பச்சை, மஞ்சள், சிவப்பு, கறுப்பு என்று கொடி நட்டிருப்பார்கள். கறுப்பு என்றால் கடல் மூடியாகிவிட்டது. கொடியே இல்லாத கடற்கரையைப் பச்சை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்து சாலை. இருட்டிய பிறகு ஓட்டாதீர்கள் என்று எல்லோரும் சொல்வது கொள்ளைக்காரர்களுக்காக மட்டும் இல்லை. கடலோரச் சாலையில் விளக்கு கிடையாது, மாடு படுத்திருக்கும், எச்சரிக்கைப் பலகை இல்லாத வேகத்தடை திடீரென்று முளைக்கும். அமெரிக்கக் கார் இன்ஷூரன்ஸ் அங்கே சட்டப்படி செல்லாது, மெக்சிகோ பாலிசி தனியாக எடுக்க வேண்டும். வஹாகா நகரிலிருந்து புவெர்ட்டோ எஸ்கொண்டிடோவுக்கு முன்பெல்லாம் ஏழு மணி நேரம் கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்துக்கொண்டே போக வேண்டும். 2024 பிப்ரவரியில் பர்ராங்கா லார்கா நெடுஞ்சாலை திறந்த பிறகு அது மூன்று மணி நேரமாகக் குறைந்துவிட்டது. ஆனால் வஹாகாவில் சாலை மறியல் சர்வ சாதாரணம். ஆசிரியர் சங்கம், நிலத் தகராறு, தண்ணீர்ப் பிரச்சினை, எதற்கும் மறியல்தான். சாலை மறியல் நமக்குப் புதிதா? தண்ணீர் பாட்டிலோடு காத்திருங்கள், இறங்கிப் போய் வாதாடாதீர்கள், திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாளே ஊருக்கு வந்துவிடுங்கள்.

புயல்களையும் மறக்கக் கூடாது. 2023 அக்டோபரில் அகபுல்கோவைத் தாக்கிய ஓட்டிஸ் ஒரே நாளில் சாதாரணப் புயலிலிருந்து ஐந்தாம் வகைக்குத் தாவியது. ஹோட்டலில் தங்கியிருந்தவர்களுக்கு ஓட நேரமே இல்லை. ஜூனிலிருந்து அக்டோபர் வரை மலிவு விலை அறை கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த முறை நாங்கள் புவெர்ட்டோ எஸ்கொண்டிடோ போகிறோம். கார் எடுக்கவில்லை. மெக்சிகோ சிட்டியில் மாறி, பகலில் விமானத்தில் நேராக ஊருக்குள் இறங்குகிறோம். அறை கரிசலில்லோ பக்கம். இரவில் கடற்கரையோரம் இருட்டில் நடப்பதில்லை என்று பிள்ளைகளிடம் சொல்லியாயிற்று, அங்கே வழிப்பறி நடப்பது ஊரறிந்த விஷயம். முடிவெடுக்கும் முன்பு ஊர்ப் பெயரோடு ஸ்பானிய மொழியில் "பலசேரா" (balacera) என்று, அதாவது துப்பாக்கிச் சூடு என்று தேடி, கடந்த மூன்று மாத உள்ளூர்ச் செய்திகளை மொழிபெயர்ப்பு ஆப்பில் போட்டுப் படித்தேன். செய்தி இல்லாமல் இல்லை. எந்தத் தெருவில், எத்தனை மணிக்கு, யாருக்கு என்று பார்த்தபோது நாங்கள் இருக்கப்போகும் இடத்துக்கும் நேரத்துக்கும் அது ஒட்டவில்லை. மாமியாரின் ஒரே கவலை வேறு: அங்கே பீன்ஸைக்கூடப் பன்றிக்கொழுப்பில்தான் தாளிப்பார்களாமே என்று. கவலை நியாயமானது. பல கடைகளில் அப்படித்தான், கேட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

சிஹுவாட்டனெஹோ மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. மாநிலம் கெரேரோ, அதாவது 4-ஆம் நிலை, போய் வந்தவர்களோ சொர்க்கம் என்கிறார்கள். சமீபத்தில் போனவர்கள் யாராவது இருந்தால் கமெண்டில் எழுதுங்கள். "சூப்பர்" என்று மட்டும் போடாமல், எந்த மாதம் போனீர்கள், விமானத்திலா சாலையிலா, ஊரில் எந்தப் பக்கம் தங்கினீர்கள் என்பதையும் சேர்த்து.