நர்சரியில் நூறு தொட்டி இருந்தால் போதுமா?

நேற்று குழுவில் நடந்ததைப் பெரும்பாலானவர்கள் பார்த்திருப்பீர்கள். கோல்டன் பேரல் என்ற உருண்டைக் கேக்டஸ் கள்ளி அழியும் நிலையில் இருக்கிறது என்று ஒரே ஒரு வரி எழுதினேன். உடனே ஒரு நண்பர், நர்சரியில் வரிசையாக அடுக்கியிருந்த தொட்டிகளைப் படமெடுத்துப் போட்டு, "இதுவா அழியுது?" என்று கேட்டார். அதற்குக் கீழே அத்தனை சிரிப்பு. ராத்திரி சரியாகத் தூங்கவில்லை.

சரி, பொறுமையாகவே சொல்கிறேன். அந்தக் கள்ளிக்குச் சொந்த ஊர் மெக்சிகோ. அங்கேயும் நாடு முழுக்கக் கிடையாது. கெரெத்தாரோ, இடால்கோ மாநிலங்களின் எல்லையில் மொக்டெசூமா ஆறு ஓடும் பள்ளத்தாக்கின் வறண்ட பாறைச் சரிவுகளில் இருக்கிறது. அதைவிட்டால் வடக்கே சகாடெகாஸ் மாநிலத்தில் கொஞ்சம். அவ்வளவுதான். 1990களில் அந்த ஆற்றை மறித்து மின்சாரத்துக்காகச் சிமாபான் அணையைக் கட்டினார்கள். தண்ணீர் ஏற ஏற, சரிவில் வேரூன்றியிருந்த செடிகள் அப்படியே மூழ்கின. மூழ்காததையும் விட்டுவைக்கவில்லை, தோண்டி எடுத்து விற்றார்கள். அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களைப் பட்டியலிடும் ஐயுசிஎன் என்ற உலக அமைப்பின் செம்பட்டியலில் அது அருகிவரும் இனமாக இருப்பது இதனால்தான்.

நர்சரியில் இருப்பது வேறு, காட்டில் இருப்பது வேறு. மிஸ் கேரளா மீனை எந்த மீன்தொட்டிக் கடையில் கேட்டாலும் எடுத்துத் தருவார்கள். ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளில் அதுவும் அருகிவரும் இனம்தான். கடையில் கிடைக்கிறது என்பதால் ஆற்றில் இருக்கிறது என்று ஆகிவிடுமா?

என் மாடியிலும் ஒன்று இருக்கிறது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் எலுமிச்சம்பழ அளவில் வாங்கினேன். அப்போது உடம்பெல்லாம் சின்னச் சின்னக் கொப்புளம் மாதிரி புடைப்புகள். வருஷம் போகப் போக அவை ஒன்றோடொன்று சேர்ந்து வரிவரியாக மேடு கட்டின. இப்போது உரிக்காத தேங்காய் அளவு இருக்கும். உச்சியில் வெளிர்மஞ்சள் பஞ்சு, சுற்றிலும் பொன்னிற முள். அம்மா அதை முள்ளுப் பூசணி என்பார். இன்னும் ஒரு பூ பூக்கவில்லை, பெரிய உருண்டையானால்தான் பூக்கும். இவ்வளவு மெதுவாக வளர்கிற செடியை மலையிலிருந்து ஒருவன் கடப்பாரையால் பெயர்த்தெடுக்க எத்தனை நிமிஷம் ஆகும்?

"நர்சரிக்காரர்கள் விதை போட்டு வளர்ப்பதும் காப்பாற்றுவதுதானே?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. காட்டுச் செடிமேல் கைவைப்பது அதனால் குறையும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தொட்டியில் இருப்பது நாம் தண்ணீர் ஊற்றுகிறவரைதான் இருக்கும். பாறை இடுக்கில் விழுந்த விதை தானாக முளைத்து, தன் மழையையும் தன் வெயிலையும் தாங்கி நிற்கிறதே, அதற்கு ஈடாக எந்தத் தொட்டியைக் காட்டுவீர்கள்?

"எங்க ஊர் வேலியெல்லாம் கள்ளிதான்" என்றார் இன்னொருவர். ஐயா, வேலியில் நிற்கும் சதுரக்கள்ளியும் திருகுகள்ளியும் கேக்டஸே இல்லை, கள்ளிப்பால் வடிக்கிற வேறு குடும்பம். சப்பாத்திக்கள்ளி கேக்டஸ்தான், ஆனால் அதுவே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. இதை எத்தனை தடவை எழுதிவிட்டேன்!

"மெக்சிகோ செடிக்கு உனக்கென்ன கவலை?" அதற்கு எனக்குப் பதில் சொல்லத் தோன்றவில்லை. அணையால் ஊருக்கு மின்சாரம் வந்ததே என்றவருக்கும் ஒன்றுதான்: வந்தது, மறுக்கவில்லை. மூழ்கியதும் உண்மை. ஒன்றைச் சொன்னால் இன்னொன்றைச் சொல்லக்கூடாதா?

2015இல் வந்த ஆய்வு ஒன்று, கேக்டஸ் இனங்களில் 31 சதவீதம் அழியும் ஆபத்தில் இருப்பதாகச் சொன்னது. மூன்றில் ஒன்று என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதைப் படித்துவிட்டுத்தான் நேற்று அந்த வரியை எழுதினேன், பெருமைக்காக எழுதவில்லை.

அந்தப் படத்தைப் போட்ட நண்பர் எனக்குப் புதியவர் இல்லை. என் மாடிக்கு வந்து, இதே செடி பக்கத்தில் உட்கார்ந்து காபி குடித்தவர். சந்தேகம் இருந்தால் ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாம்.