ஓரம் எடுக்க ஒரு மெஷின் கேட்டது தப்பா?

எத்தனை ரம்பம் வேண்டும், எத்தனை ஹெச்பி வேண்டும்? மெஷின் விற்க வருகிறவர்கள் எல்லாரும் இந்த இரண்டு கேள்வியோடுதான் வந்து நிற்கிறார்கள். என்ன மரம் அறுக்கிறீர்கள் என்று ஒருத்தராவது கேட்கட்டுமே!

செங்கோட்டையில் சின்னதாக ஒரு மர அறுவை மில் வைத்திருக்கிறேன். வருவதெல்லாம் வேம்பு, வாகை, பலா, மா. ஒன்றுகூட நேராக இருக்காது. தடியைப் பலகையாக அறுக்கும் பேண்ட் சாவிலிருந்து இறங்கும் பலகையின் ஓரமும் பட்டையோடு வளைந்து நெளிந்துதான் வரும். அந்த ஓரத்தை இரண்டு பக்கமும் நேராக எடுக்க வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான்.

மெஷின் வாங்கிய காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். இதுவரை வட்ட ரம்ப மேஜையில் கையால் தள்ளித்தான் ஓரம் எடுத்தோம். தள்ளுகிற தம்பியின் கை ரம்பத்துக்கு ஒரு சாண் தூரத்தில் போய் வருவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும். ரோலர் இழுத்துக்கொள்ளும் மெஷின் வந்தால் அந்தப் பயம் போகும் என்று கடன் வாங்கினேன்.

வியாபாரி என் தலையில் கட்டியது ஐந்து ரம்பம் கோத்த மல்டி ரிப், ஒரே ஓட்டத்தில் பலகையைப் பல கீற்றாக அறுக்கிற மெஷின். தூத்துக்குடியில் இறங்கும் நேரான வெளிநாட்டுத் தடியை அறுத்து, ஒரே அளவில் ரீப்பர் போடுகிறவர்களுக்கு அது தங்கமான மெஷின். எனக்கு எதற்கு? கதவுப் பலகை வேண்டும் என்று வருகிறவருக்கு முழு அகலம் வேண்டும். நடுவில் ஓடும் மூன்று ரம்பமும் ஆளுக்கு 4 மில்லிமீட்டர் தின்றால், அரை இஞ்ச் நல்ல மரம் தூளாகப் போகிறது.

கேட்டால், "நடு ரம்பங்களைக் கழற்றிவிடுங்கள் அண்ணாச்சி" என்கிறார். சரி, கழற்றினேன். மிச்சம் இரண்டும் ஷாஃப்டில் ஸ்பேசர், அதாவது இடைவெளி வளையம், போட்டு இறுக்கிய ரம்பங்கள். 6 இஞ்ச் வைத்தால் 6 இஞ்ச்தான். அடுத்த பலகை 7 இஞ்ச் நிற்குமே என்றால், மெஷினை நிறுத்தி, ஸ்பேசர் மாற்றி, மறுபடி ஓட்ட வேண்டும். யார் செய்வார்கள்? அந்த ஒரு இஞ்ச் விறகாகப் போகும். பத்தடி நீளம், ஒரு இஞ்ச் கனப் பலகையில் இப்படி நூறு போனால் கிட்டத்தட்ட 7 கன அடி. வைரம் பாய்ந்த வேம்பு ஐயா அது!

எனக்கு வேண்டியது இரண்டே ரம்பம். ஒன்று நிலையாக நிற்கும், இன்னொன்றைப் பலகைக்குப் பலகை நகர்த்திக்கொள்ளலாம். வெட்டு எங்கே விழும் என்று மேலே லேசர் கோடு காட்டினால் போதும். அப்படியும் மெஷின் இருக்கிறது என்பதை நானே தேடித்தான் தெரிந்துகொண்டேன், பணம் கட்டிய பிறகு.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஓட்டிக் காட்ட வந்த ஆள், வளைந்த பலகை உள்ளே போகாமல் சிக்கியதும், பலகை திரும்பி அடிக்காமல் தடுக்கிற இரும்பு விரல்களைத் தூக்கிக் கட்டிவிட்டு ஓட்டச் சொன்னார். அதையும் என் பையன்கள் முன்னால்! பலகை திரும்பிப் பாய்ந்தால் எதிரே நிற்கிறவன் வயிற்றில்தான் இறங்கும். அன்றே மெஷினை நிறுத்தித் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டேன்.

இன்றைக்கும் அந்தத் தம்பி பழைய மேஜையில்தான் தள்ளிக்கொண்டிருக்கிறான். இனி எவர் விற்க வந்தாலும் விலைப்பட்டியலை அப்புறம் நீட்டட்டும். முதலில் என் களத்தில் கிடக்கிற கோணல் வாகைப் பலகை ஒன்றை எடுத்து, என் கண் முன்னால் ஓரம் எடுத்துக் காட்டட்டும்.