எலும்பெல்லாம் இடைப்படையா?
முளையம், அதாவது வளரத் தொடங்கிய கரு, புறப்படை, இடைப்படை, அகப்படை என்ற மூன்று கலப்படைகளாக அமைகிறது; உறுப்புகள் இவற்றிலிருந்தே உருவாகின்றன. "எலும்பும் தசையும் முழுக்க இடைப்படையிலிருந்தே வருகின்றன" என்று ஒரு கட்டுரையில் வந்த வரி கழுத்துக்குக் கீழே பெரும்பாலும் சரி, முகத்துக்குப் பொருந்தாது. தாடை, கன்ன எலும்புகளும் பல்லில் எனாமலுக்கு அடியிலுள்ள டென்டீனும் நரம்பு முகட்டுக் கலங்களிலிருந்து உருவாகின்றன. பின்னர் மூளையும் முண்ணாணுமாக மாறும் நரம்புக் குழாய் மூடும் வேளையில் அதன் முதுகுப்புற விளிம்பிலிருந்து கழன்று இடம்பெயரும் புறப்படைக் கலங்கள் இவை. கண்மணியைச் சுருக்கும் தசைகூட நமக்குப் புறப்படைதான். காடை முளையத்தின் துண்டைக் கோழி முளையத்தில் பதித்து நிக்கோல் லெ டுவாரின் என்ற பிரெஞ்சு முளையவியலாளர் இக்கலங்களின் பயணத்தைத் தொடர்ந்தார். காடைக் கலத்தின் கருவில் அடர்ந்த திட்டொன்று இருப்பதால், சாயமேற்றிய வெட்டில் அது தனியே தெரியும். வாசகர் ஒருவர் "குடலாவது முழுக்க அகப்படைதானே" என்று கேட்டிருக்கிறார். இல்லை. உள்வரி மட்டுமே அகப்படை, தசைச்சுவர் இடைப்படை, அதை இயக்கும் நரம்புக் கலங்கள் நரம்பு முகட்டிலிருந்து வந்தவை. அவை 4ஆம் வாரமளவில் முன்குடலில் நுழைந்து 7ஆம் வாரமளவில் பெருங்குடலின் கடைசிக்கு வந்துசேர வேண்டும். வழியில் நின்றுவிட்டால் அந்தக் கடைசித் துண்டு தளராது, அதற்கு மேலுள்ள குடல் வீங்கும், பிறந்த குழந்தை முதல் 48 மணிநேரத்தில் மலம் கழிக்காமல் இருக்கலாம். இதுவே ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோய். உயர்தர மாணவர்களுக்குக் கோழி முளையத்தில் நரம்புக் குழாயைக் காட்ட விரும்பும் ஆசிரியர்கள் கொழும்புக் கடைகளில் விற்கும் பண்ணை முட்டையை அடைவைக்க வேண்டாம், அவை பெரும்பாலும் கருக்கட்டாதவை. குஞ்சு பொரிப்பகத்திலிருந்து கருக்கட்டிய முட்டை வாங்கி 38 பாகையில் ஏறத்தாழ 33 மணிநேரம் வைத்தால் போதும்.