கடைக்காகச் செய்த டிவியை வீட்டில் யார் பார்ப்பது?

புது டிவியை மாட்டி ஆன் செய்ததும் அது கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று: வீட்டுக்கா, கடைக்கா? அவசரத்தில் 'கடை' என்று அழுத்திவிட்டால் போச்சு. வெளிச்சம் கண்ணைக் குத்தும். மாற்றி வைத்த செட்டிங்ஸ் எல்லாம் சில நிமிடங்களில் பழையபடி திரும்பிவிடும். டிவி பழுது என்று நினைத்து ஆளைக் கூப்பிடுகிறவர்கள் உண்டு. சரி, 'வீடு' என்றே அழுத்தியாயிற்று. அப்போதும் அந்தப் பெட்டி வீட்டில் உட்கார்ந்து படம் பார்க்கிறவருக்காக அமைந்திருப்பதில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். பளீர் விளக்குகளுக்குக் கீழே வரிசையாக நிற்கும் டிவிகளில் எது கண்ணை இழுக்கிறதோ அதை வாங்குவார்கள் என்பதற்காகப் பூசிய நீலமும், செயற்கைக் கூர்மையும், அசைவை வழவழப்பாக்கும் வேலையும் பெட்டியோடு சேர்ந்து வீட்டுக்கு வந்துவிடுகின்றன. காசு கொடுத்தவர் அதையெல்லாம் ஒவ்வொன்றாகத் தேடிப்பிடித்து அணைக்க வேண்டுமாம்.

முதல் குற்றவாளி அந்த வழவழப்பு. சினிமா பெரும்பாலும் நொடிக்கு 24 பிரேம், அதாவது 24 தனித்தனிப் படங்கள். திரை நொடிக்கு 60 முறையோ 120 முறையோ புதுப்பித்துக்கொள்கிறது. 120 என்றால் ஒவ்வொரு பிரேமையும் ஐந்து முறை காட்டலாம், கணக்கு சரியாக வரும். 60 என்றால் 24 சமமாக வகுபடாது. ஒரு பிரேமை இரண்டு முறை, அடுத்ததை மூன்று முறை என்று மாற்றி மாற்றிக் காட்ட வேண்டும், அதனால் கேமரா பக்கவாட்டில் மெல்ல நகரும்போது படம் லேசாகத் தட்டும். இந்தச் சின்னத் தட்டலைச் சரிசெய்கிறேன் என்று டிவி என்ன செய்கிறது தெரியுமா? இரண்டு பிரேம்களுக்கு நடுவில், யாருமே படம்பிடிக்காத பிரேம்களைத் தானாகக் கணக்குப் போட்டு உண்டாக்கிச் சொருகுகிறது. விளைவு, பெரிய கேமராவில் பார்த்துப் பார்த்து எடுத்த காட்சி கல்யாண வீடியோ மாதிரி தெரிகிறது. நடிகர் சட்டென்று தலையைத் திருப்பினால் காதைச் சுற்றிப் பின்னணி கலங்குகிறது. வேகமான சண்டைக் காட்சியில் கணக்குத் தவறி, ஒரு கணம் வழவழப்பு, ஒரு கணம் தட்டல் என்று மாறி மாறி வருகிறது. இதை யார் கேட்டார்கள்?

அணைக்கலாம் என்று போனால் பெயரே கிடைக்காது. சாம்சங்கில் 'பிக்சர் கிளாரிட்டி', பழைய மாடல்களில் 'ஆட்டோ மோஷன் பிளஸ்'. எல்ஜியில் 'ட்ரூமோஷன்'. சோனியில் 'மோஷன்ஃப்ளோ'. ஒரே வேலைக்கு ஆளுக்கொரு பெயர். வெளியூரில் இருக்கும் அம்மாவுக்குப் போனில் சொல்லிக்கொடுக்கக்கூட வழியில்லை. பிக்சர், அப்புறம் அட்வான்ஸ்டு அல்லது எக்ஸ்பர்ட், அதற்குள் மோஷன் அல்லது கிளாரிட்டி என்று மூன்று நான்கு படி இறங்கினால்தான் கண்ணில் படும். உள்ளே இரண்டு அளவுகள் இருந்தால், தட்டலைக் குறைக்கும் 'ஜடர்' அளவைப் பூஜ்யமாக்குங்கள், வழவழப்பைக் கொண்டுவருவது அதுதான். 'ப்ளர்' அளவு விளையாட்டுப் போட்டிகளுக்கு உதவும், அதை விட்டுவைக்கலாம். ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரையில் மட்டும் முழுக்க அணைத்தால் மெதுவான காட்சிகள் கொஞ்சம் கூடுதலாகத் தட்டும். அதன் பிக்சல்கள் உடனுக்குடன் மாறிவிடுவதுதான் காரணம். அது உறுத்தினால் ஜடரை 1 அல்லது 2-இல் வையுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

2018 டிசம்பரில் டாம் குரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியும் ஒரு வீடியோவில் தோன்றி, தயவுசெய்து இந்த வழவழப்பை அணைத்துவிட்டுப் படம் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். 2019-இல் டிவி கம்பெனிகளும் சினிமா ஸ்டுடியோக்களும் சேர்ந்த யூஎச்டி அலையன்ஸ் என்ற அமைப்பு 'ஃபிலிம்மேக்கர் மோட்' என்பதை அறிவித்தது. அதைத் தேர்ந்தெடுத்தால் வழவழப்பும் கூர்மையேற்றமும் தானாக அணைந்துவிடும். உங்கள் டிவியில் இருந்தால் யோசிக்காமல் அதில் வையுங்கள், இல்லையென்றால் 'சினிமா' அல்லது 'மூவி'. படம் எடுத்தவர்களே கெஞ்சிய பிறகும் இதைத் தொடக்க அமைப்பாக வைக்க டிவி கம்பெனிகளுக்கு மனசு வரவில்லை பாருங்கள், கொதிக்கிறது.

இதைவிடப் பெரிய எரிச்சல் ஒன்று இருக்கிறது. பல டிவிகளில் பிக்சர் செட்டிங்ஸ் ஒவ்வொரு இன்புட்டுக்கும் தனி. சாதாரணப் படத்துக்கு ஒன்று, வெளிச்சமும் நிறமும் கூடுதல் வீச்சில் வரும் எச்டிஆருக்கு ஒன்று, அதிலேயே ஒரு வகையான டால்பி விஷனுக்கு இன்னொன்று என்று அதிலும் தனித்தனி. செட்டாப் பாக்ஸில் அணைத்தது டிவிக்குள்ளே இருக்கும் ஆப்பில் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால்தான் "அன்றைக்கே அணைத்தோமே" என்று எல்லோரும் குழம்புகிறார்கள். ஒரு எச்டிஆர் படத்தை ஓடவிட்டு, அது ஓடும்போதே மெனுவைத் திறந்து மாற்றுங்கள். டால்பி விஷன் படம் ஒன்றில் அதையே மறுபடி செய்யுங்கள். பிறகு ஒவ்வொரு எச்டிஎம்ஐ இன்புட்டிலும். சில மாடல்களில் 'எல்லா இன்புட்டுக்கும் பொருத்து' என்று ஒன்று இருக்கும், அது எச்டிஆருக்கும் சேர்த்துப் பொருந்தியதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

நிறத்துக்கு வருவோம். படங்களை முடிக்கும் ஸ்டுடியோவில் வெள்ளை என்பது சுமார் 6500 கெல்வின், இந்த எண் கூடக் கூட வெள்ளை நீலமாகும். 'விவிட்', 'டைனமிக்' மோட்களில் அது அதைவிட வெகுதூரம் நீலத்துக்குப் போய்விடும், மனிதத் தோல் செத்துப்போன நிறத்தில் தெரியும். கலர் டெம்பரேச்சரை 'வார்ம்' பக்கம் கொண்டுபோங்கள், சாம்சங்கில் 'வார்ம் 2'. முதல் இரண்டு நாள் மஞ்சளாகத் தோன்றும். நீலத்துக்குப் பழகிய கண் அப்படித்தான் சொல்லும், அதை நம்பி மாற்றிவிடாதீர்கள். ஷார்ப்னெஸ் கூட்டினால் விவரம் கூடாது. ஓரங்களில் வெள்ளைக் கோடு போட்டு ஏமாற்றும், அவ்வளவுதான். பல டிவிகளில் 0 என்பதுதான் எதுவும் சேர்க்காத நிலை, சோனியில் 50. எழுத்துகளைச் சுற்றி வெள்ளை நிழல் மறையும்வரை குறையுங்கள்.

இரவுக் காட்சியில் ஒன்றுமே தெரியவில்லை என்று புலம்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது பவர் சேவிங்கும் அறை வெளிச்சத்தை அளக்கும் சென்சாரும்தான். அறை இருட்டானால் சென்சார் திரையையும் மங்கவைக்கும், இருண்ட காட்சி மொத்தமாகக் கறுத்துவிடும். இரண்டையும் அணைத்தும் சரியாகவில்லையென்றால் எது கறுப்பு, எது வெள்ளை என்று குறிக்கும் எண்களின் அளவான எச்டிஎம்ஐ பிளாக் லெவலைப் பாருங்கள். செட்டாப் பாக்ஸ் 16 முதல் 235 வரையிலான அளவில் அனுப்பி, டிவி 0 முதல் 255 என்று எடுத்துக்கொண்டால் கறுப்பு சாம்பலாக வெளுக்கும். நேர்மாறாக நடந்தால் நிழல் விவரமெல்லாம் கறுப்பில் மூழ்கிவிடும். இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருந்தால் போதும்.

சத்தம்! வசனம் காதில் விழவில்லை என்று கூட்டினால் அடுத்த நொடி குண்டு வெடித்து வீடே அதிர்கிறது. ரிமோட்டைக் கையிலேயே பிடித்துக்கொண்டு படம் பார்ப்பது என்ன பிழைப்பு? காரணம் இதுதான். ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு சப்வூஃபருக்கும் பிரித்த 5.1 ஒலியில் வசனம் பெரும்பாலும் நடு சேனலில் இருக்கிறது. டிவி அதை இரண்டு ஸ்பீக்கருக்குள் கலக்கும்போது இசையும் சத்தமும் அதன் மேல் ஏறிக்கொள்கின்றன. போதாக்குறைக்குத் திரையை மெலிதாக்கும் மோகத்தில் ஸ்பீக்கரைக் கீழ்ப்பக்கமோ பின்பக்கமோ திருப்பிவிட்டார்கள், குரல் சுவரில் பட்டுத்தான் நம்மிடம் வருகிறது.

டிவிக்குக் கீழே வைக்கும் நீள ஸ்பீக்கரான சவுண்ட்பார் இல்லாவிட்டால் ஆப்பின் ஆடியோ பட்டியலில் 5.1-ஐ விட்டு ஸ்டீரியோவைத் தேர்ந்தெடுங்கள். சுற்றிலும் சத்தம் வருவதுபோல் காட்டும் விர்ச்சுவல் சரவுண்டை அணையுங்கள், குரலைக் குலைப்பதில் அதற்கு நிகர் இல்லை. ஒலியைப் பகுதி பகுதியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர் இருந்தால் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை இரண்டு மூன்று புள்ளி கூட்டி, 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே குறையுங்கள். மெய்யெழுத்துகளின் தெளிவு அந்த மேல் பகுதியில்தான் இருக்கிறது. இரவில் 'நைட் மோட்' அல்லது 'ஆட்டோ வால்யூம்', பெரிய சத்தத்துக்கும் சின்னச் சத்தத்துக்கும் உள்ள இடைவெளியை அது குறைக்கும்.

சவுண்ட்பார் இருந்தால் 'ஏஆர்சி' அல்லது 'இஏஆர்சி' என்று அச்சிட்ட எச்டிஎம்ஐ துளையில் மட்டுமே சொருக வேண்டும். மற்றத் துளைகளில் சொருகினால் டிவியின் சத்தம் வெளியே போகாது. கூடவே, எச்டிஎம்ஐயில் இணைந்த கருவிகள் ஒன்றையொன்று இயக்க உதவும் சிஇசியை ஆன் செய்ய வேண்டும். அதற்கும் சாம்சங்கில் 'எனிநெட் பிளஸ்', எல்ஜியில் 'சிம்ப்லிங்க்', சோனியில் 'பிராவியா சிங்க்' என்று ஆளுக்கொரு பெயர்! சத்தமே வரவில்லையென்றால் டிஜிட்டல் அவுட்புட்டைப் பிசிஎம்-இல், அதாவது சுருக்காத சாதாரண ஒலியில், வைத்துச் சோதியுங்கள். பாரை டிவிக்கு முன்னால் வைத்து, ரிமோட் சென்சாரை மறைத்துவிட்டு, ரிமோட் கெட்டுவிட்டது என்று அலைவதும் சகஜம்.

உதடும் குரலும் ஒட்டவில்லையா? எது முந்துகிறது என்று முதலில் கவனியுங்கள். குரல் சுமார் 45 மில்லிநொடி முந்தினாலே மனிதர் கண்டுபிடித்துவிடுவார், பிந்தினால் சுமார் 125 வரை தெரியாது. முந்தினால் ஆடியோ டிலேயை 10, 20 என்று கூட்டிக்கொண்டே வாருங்கள். பிந்தினால் அந்த அளவு உதவாது, அதற்கு மேலும் தாமதப்படுத்த மட்டுமே தெரியும். டிலேயைப் பூஜ்யமாக்கி, ப்ளூடூத்தில் இணைத்திருந்தால் அதை விட்டுக் கேபிளுக்கு மாறுங்கள்.

மெனு ஒவ்வொரு அழுத்தலுக்கும் திணறுகிறதா? ரிமோட்டின் பவர் பட்டன் டிவியை அணைப்பதில்லை, தூங்கத்தான் வைக்கிறது. பிளக்கைப் பிடுங்கி ஒரு நிமிடம் கழித்துச் சொருகுங்கள். பயன்படுத்தாத ஆப்களை நீக்குங்கள், டிவிக்குள் சேமிப்பிடம் சொற்பம்.

எல்லாம் சரியானதும் ஒவ்வொரு செட்டிங்ஸ் பக்கத்தையும் போனில் படம் எடுத்து வையுங்கள். சாஃப்ட்வேர் அப்டேட் ஒன்று வந்து, மெனுவை இடம் மாற்றி, சில அமைப்புகளைப் பழைய நிலைக்கே கொண்டுபோய்விடலாம். ஒரு வார்த்தை கேட்காமல் நம் வீட்டுத் திரையில் கை வைக்கிறார்கள். அப்டேட் முடிந்த அன்றைக்கே மோஷன் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.