லயத்து வீட்டை உடைக்காதீர்கள், கழற்றுங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. தோட்டம் கைமாறும், சனங்கள் பட்டணத்துக்கு வந்துவிடுவார்கள், காலியான லயத்துக்குள், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்குள், ஒரு நாள் மண்வாரி இயந்திரம் நுழையும். நான் பிறந்த லயத்துக்கும் போன வருடம் அதுதான் நடந்தது. 12 வீடு, அரை நாள் வேலை. மதியம் போய்ப் பார்த்தேன். கெம்பாஸ் மரத் தூண்கள் நடுவில் முறிந்து கிடந்தன. முறிந்த இடத்தில் உள்மரம் நேற்று அறுத்தது போலச் செக்கச்செவேல் என்று இருந்தது. எல்லாம் விறகுக்குப் போனது. அன்று எரிந்த வயிறு எனக்கு இன்னும் அடங்கவில்லை.

முந்தைய வாரமே கெஞ்சிக் கேட்டு இரண்டு வீட்டு மரத்தை மட்டும் கழற்றி வந்திருந்தோம். அதை வைத்து நாங்கள் செய்து பார்த்ததைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

பாகங்களைப் பட்டறையில் செய்து, இடத்தில் கொண்டுபோய்ப் பூட்டும் கட்டுமானம் நம் நாட்டுக்குப் பழைய சங்கதி. 1960களிலேயே கோலாலம்பூர் பெக்கெலிலிங் அடுக்குமாடியை அப்படித்தான் எழுப்பினார்கள். 2008இல் அரசாங்கக் கட்டடங்களுக்கு, இந்த முறையை எவ்வளவு பயன்படுத்துகிறார்கள் என்று காட்டும் ஐபிஎஸ் (IBS) மதிப்பெண் 70 வேண்டும் என்று நிதியமைச்சு சுற்றறிக்கையே விட்டது. ஆனால் அந்த முறையின் பலம், எல்லாப் பாகமும் ஒரே அளவில் இருப்பது. பழைய மரம் அப்படியா? ஒன்று நாலு அங்குலம், இன்னொன்று நாலே கால். ஒன்று லேசாக வளைந்திருக்கும், ஒன்றில் ஆணி உள்ளேயே முறிந்திருக்கும். ஒவ்வொரு துண்டுக்கும் தனி வரைபடம் போட்டால் மரத்தின் விலையைவிட வரைபடக் கூலி அதிகமாகிவிடும். குத்தகைக்காரர் அதைத் தூக்கி எறிவது அதனால்தான். அவரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்த இடத்தில்தான் ஆக்மென்டட் ரியாலிட்டி, அதாவது கண்ணெதிரே இருக்கும் பொருளின் மேலேயே கணினிப் படத்தைக் காட்டும் நுட்பம், கைகொடுக்கிறது. விளையாட்டுக்கு வந்த சாமான் என்று பலர் நினைக்கிறோம். அந்தப் பெயரே போயிங் விமானத் தொழிற்சாலையில் பிறந்தது. டாம் கோடெல், டேவிட் மைசெல் என்ற இருவர் 1992இல் இதைப் பற்றி எழுதினார்கள். தொழிலாளி தாளைப் புரட்டாமல், எந்த மின்கம்பி எங்கே போக வேண்டும் என்பதைக் கண்ணெதிரே வேலையின் மேலேயே பார்க்கட்டும் என்பதுதான் அவர்கள் யோசனை. 2019இல் எஸ்டோனியாவின் தாலின் நகரில் ஒரு மர மண்டபம் கட்டினார்கள். ஹோலோலென்ஸ் என்ற கணினிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, காற்றில் தெரியும் உருவத்தைப் பார்த்துப் பார்த்து, கைக் கருவிகளால் மரத்தை வளைத்தே கட்டினார்கள். சரி, அந்தக் கண்ணாடி நமக்குக் கட்டுப்படியாகாது. 2024இல் மைக்ரோசாப்ட் அதன் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. நாங்கள் சாதாரண டேப்லெட்டை வைத்துத்தான் செய்தோம்.

அக்கா மகன் ஒவ்வொரு துண்டையும் ஸ்கேன் செய்து கியூஆர் கோடு ஒட்டினான். எந்தத் துண்டு எந்தச் சுவருக்குப் பொருந்தும் என்று மென்பொருள் பிரித்துக் கொடுத்தது. கட்டியது கோயில் பாத்திரங்கள் வைக்க 10க்கு 12 அடியில் ஒரு கொட்டகை. டேப்லெட்டை உத்திரத்தின் மேல் பிடித்தால், அறுக்க வேண்டிய இடத்தில் பச்சைக் கோடு, ஆணி சிக்கியிருக்கும் இடத்தில் சிவப்பு வட்டம். எழுபது வயதைத் தாண்டிய எங்கள் தச்சர் அந்தக் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் சுத்தியல் பிடியால் மரத்தை மூன்று இடத்தில் தட்டினார். மூன்றாவது தட்டில் சத்தம் உள்ளே பொள்ளலாக இருப்பது போல வந்தது.

"கோடு சரிதான் தம்பி. மரம்தான் சரியில்லை. உள்ளே கரையான்."

ஸ்கேனில் அது தெரியவில்லை. மருமகன் பதிவைத் திருத்தினான், வேறொரு துண்டு அந்த இடத்துக்கு வந்தது. இந்த வேலை முழுக்க எனக்குப் பிடித்த நிமிடம் அதுதான். அவர் காதில் இருப்பது எந்த மென்பொருளிலும் இல்லை. ஆனால் அவர் ஒரு தடவை தட்டிச் சொன்னது பதிவில் ஏறிவிட்டால், அந்தத் துண்டோடு கடைசிவரை கூடவே வரும்.

சிக்கலும் இருந்தது. உச்சி வெயிலில் திரை தெரியவில்லை, படம் ஓர் அங்குலம் நகர்ந்து நின்றது. அதனால் சுவர்ச் சட்டங்களைப் பட்டறை நிழலிலேயே செய்து, கோயிலில் போல்ட் மட்டும் முடுக்கினோம். போல்ட் ஓட்டையைக் கொஞ்சம் நீளவாக்கில் போட்டுக்கொண்டால் மிச்சமிருக்கும் சிறு அளவு வித்தியாசமும் அடங்கிவிடுகிறது. ஆணி ஒன்றுகூட அடிக்கவில்லை. பக்கத்துக் கிராமத்துப் பழைய மலாய் வீடுகளில் மரத்துக்குள் மரம் கோத்திருப்பார்கள். தங்காம் என்பார்கள். அந்த வீட்டைக் கழற்றி வேறிடத்தில் நிறுத்தலாம். நம் கொட்டகையையும் நாளைக்கு யாராவது அப்படிக் கழற்ற முடிய வேண்டும்.

ஒரு அக்கா நேராகவே கேட்டார்: "லயத்தைவிட்டு வெளியே வர நாங்கள் பட்ட பாடு போதாதா? மறுபடி அந்த மரத்திலேயா?" அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். குடியிருக்கும் வீட்டுக்குப் பொறியியலாளர் பலம் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும், அவசரப்படக் கூடாது. முதலில் டியூஷன் கொட்டகை, வாசிப்பு அறை, கோயில் பந்தல் என்று பொது இடங்களுக்குச் செய்வோம். பழைய கூரை ஆஸ்பெஸ்டாஸாக இருந்தால் நாமாகத் தொடவே கூடாது, அதற்கென்று இருப்பவர்கள்தான் எடுக்க வேண்டும்.

ஊராட்சி மன்றத்திடம் நான் கேட்பது ஒன்றுதான். லயம் இடிக்க அனுமதி கொடுக்கும்போது, கழற்றி எடுக்க ஒரு மாதம் அவகாசம் கொடுக்க வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள்.

மீதி 62 துண்டுகள் நம்பர் ஒட்டி எங்கள் பட்டறையில் அடுக்கியிருக்கின்றன. உங்கள் தோட்டத்தில் லயம் காலியாகப் போகிறது என்று தெரிந்தால், இயந்திரம் வருவதற்கு முன்னால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். லாரியோடு வருகிறோம்.